கூண்டுக்கு அம்மை வந்த ஐப்பசி

எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் வீட்டுக் கூண்டுக்கு முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். "மாமா, புறாவையும் லவ் பேர்ட்ஸையும் ஒரே கூண்டுல போடலாமா? அடிச்சுக்காதா?" நான் கோட்டுச்சேரியில் கிரில் பட்டறையில் வேலை பார்க்கிறவன். பாதி நாள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டேன். இருந்தாலும் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது, அங்கங்கே பிழை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இது சந்தோஷமான கதையும் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், குளியலறைச் சுவரை ஒட்டி அந்தக் கூண்டு இருக்கிறது. பட்டறையில் மிஞ்சின ஆங்கிள் துண்டுகளையும் கம்பி வலையையும் வைத்து நானே வெல்டிங் செய்தது. ஆள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கலாம். முதலில் லவ் பேர்ட்ஸ் விட்டேன். மேலே அவற்றுக்கு மண்பானைகள். பிறகு பிஞ்சஸ் என்று சொல்கிற சின்னக் குருவிகள். அவற்றுக்கு மூலையில் வைக்கோல் கூடு. புறா வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. அது அடுத்த வீட்டு அக்காவால் வந்தது.

அந்த அக்கா குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. மகன் அங்கே வேலையில் இருக்கிறான். அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் கூப்பிட்டுக்கொண்டான். புறப்படுகிற அன்று காலையில் அக்கா ஒரு கூடையை என் மகள் கையில் கொடுத்தது. உள்ளே ஒரு ஜோடிப் புறா. மாடத்தில் அடைகிற பெரிய புறா இல்லை. பால்காப்பி நிறத்தில், கழுத்தில் கறுப்பாகப் பாதி வளையம் போட்ட சின்னப் புறா.

"இதையும் தூக்கிட்டு ஏரோப்ளேன்ல ஏறவா முடியும்? பாத்துக்கடி. அப்பப்ப போன்ல காட்டு" என்று சொல்லிவிட்டு அக்கா காரில் ஏறியது.

புறாவை மற்றப் பறவைகளோடு விட்ட பிறகுதான் எனக்குப் பல விஷயம் தெரிந்தது. லவ் பேர்ட்ஸ் தினையை உரித்துத் தின்னும், உமியை ஊதித் தள்ளும். புறா உரிக்காது, அப்படியே விழுங்கும். வயிற்றுக்குள் அரைக்க அதற்குப் பொடிக்கல் வேண்டும். கடற்கரைக்குப் போனால் கணவாய் ஓடு பொறுக்கி வருவேன். முழு ஓட்டைக் கம்பியில் கட்டினால் லவ் பேர்ட்ஸ் கொறிக்கும். உடைத்துப் பொடியாக்கி மணலோடு கலந்து வைத்தால் புறா தின்னும். தண்ணீர் குடிப்பதிலும் வித்தியாசம். குருவி ஒரு சொட்டை அலகில் எடுத்துத் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறா மாடு மாதிரி அலகை முக்கி உறிஞ்சும்.

சண்டை என்று பார்த்தால், புறா சண்டைக்கே போகாது. லவ் பேர்ட்ஸ்தான் கம்பியில் நகர்ந்து நகர்ந்து வந்து அதன் கால்விரலைக் கடிக்கும். புறா ஒரு இறக்கையைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். அப்புறம் இறங்கிப் போய்விடும். அதனால் கீழே தனியாக ஒரு கழி கட்டினேன். மேலே இருக்கிறவை எச்சம் போட்டால் புறா முதுகில் விழாமல் இருக்கச் சாய்வாக ஒரு தகரம் வைத்தேன்.

கூடு கட்டத் தெரியாத பறவை அது. நாலு ஈர்க்குச்சியைப் போட்டுவிட்டு முட்டையிட உட்கார்ந்துவிடும். முட்டை உருண்டு கீழே விழுந்து உடைந்ததைப் பார்த்து, அடுத்த தடவை அடுப்படியில் கையில் கிடைத்த தட்டை எடுத்துக் கட்டிவிட்டேன்.

"என்னங்க, என் இடியாப்பத் தட்டு எங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"புறா அதுல முட்டை வச்சிருக்கு."

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலையில புறாவையே புழியச் சொல்லுங்க. நீங்களும் உங்க மகளும் அங்கயே போயித் தின்னுங்க."

அவளுக்குக் கூண்டு பிடிக்காது. உமி பறந்து வந்து காயப்போட்ட துணியில் ஒட்டும். கூண்டுப் பக்கமே போக மாட்டாள். பறவை, மகள், நான் எல்லாம் ஒரு கட்சி, அவள் ஒரு கட்சி.

அந்தத் தட்டில் ஒரு குஞ்சுதான் பொரித்தது. தட்டு வழுவழுப்பாக இருந்ததில் குஞ்சுக்குக் கால் ஊன்றவில்லை. ஒரு கால் பக்கவாட்டில் போய்விட்டது. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் இரண்டு காலையும் கம்பளி நூலால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, தட்டில் பழைய துண்டை விரித்து வைத்தாள். கால் ஓரளவு நேரானது. முழுசாக நேராகவில்லை. நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கும். நாங்கள் கோணக்கால் என்றுதான் சொல்வோம். அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டுப்பாடம் எழுதும்போது கோணக்கால் அவள் தோளில் உட்கார்ந்திருக்கும். பேனா ஓடும்போது அதன் தலையும் கூடவே ஓடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. துணி துவைக்கிற கல்லைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, சாயங்காலம் ஆனால் கொசு மொய்த்தது. நாங்கள் கொசுவலைக்குள் படுத்தோம். கூண்டுக்கு வலை போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் ஆண்புறாவின் அலகு ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு பரு. லவ் பேர்ட்ஸ் கடித்திருக்கும் என்று நினைத்தேன். அது மிளகு அளவு ஆனது. கண்ணோரத்தில் இன்னொன்று வந்தது, காலில் வந்தது. நான் கூண்டுக்கு வெளியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி துவைக்கிற கல்லில் இருந்து ஈரக்கையோடு வந்தாள். பார்த்தவுடனே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கையைக் கூப்பினாள்.

"என்னங்க, இது கடி இல்லைங்க. அம்மை. ஆத்தா வந்திருக்கா."

அன்றைக்கு மாறினாள் அவள். கூண்டுப் பக்கமே வராதவள், குளித்துவிட்டுத்தான் கூண்டைத் தொட்டாள். வேப்பிலைக் கொத்துகளை வலையில் வரிசையாகச் செருகினாள். தண்ணீர்க் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்தாள். அடுப்படியில் தாளிப்பதை நிறுத்தினாள். அம்மை வந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைக்கு அம்மை வந்தால் என்ன செய்வாளோ அத்தனையும் செய்தாள். தெருப் பிள்ளைகளைக்கூட உள்ளே விடவில்லை. உங்களில் இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போனது உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அவளும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாளே என்று.

தீபாவளி அந்த நேரத்தில்தான் வந்தது. வீட்டில் பலகாரம் இல்லை. மகள் புதுப் பாவாடையோடு இட்லி தின்றாள். அக்கா பிரான்சிலிருந்து என் மனைவியை வீடியோவில் கூப்பிட்டது.

"என்னடி, முறுக்கு அதிரசம் ஒண்ணையும் காணும்?"

"கூண்டுல அம்மைக்கா. சட்டி வைக்கலை."

அக்கா சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் போன் ஆடியது. "புறாவுக்கு அம்மைன்னு முறுக்கு சுடாத வீடு ஒலகத்துலயே உங்க வீடுதாண்டி! சரி, காட்டு, என் புள்ளைங்களப் பாக்குறேன்."

"அம்மை வந்த எடத்த வெளியாளுக்குக் காட்டக் கூடாதுக்கா."

"நான் எங்கடி வெளியாளு? போன்ல கூடவா?"

"போன்லயும்தான்" என்று சொல்லி என் மனைவி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. "நோய் வந்தத தனியாப் பிரிச்சு வச்சியா இல்லையா?"

"பிரிக்கக் கூடாதுக்கா. அம்மை கண்ட புள்ளைய வீட்ட விட்டு அனுப்புவமா? ஆத்தா கோச்சுக்குவா."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சின்ன வயசில் எனக்கு அம்மை வந்தபோது நானும் எல்லாரோடும் ஒரே பாயில்தான் கிடந்தேன்.

அம்மை வந்த பிள்ளைக்கு அரிப்பு எடுக்கும். நகம் படக் கூடாது என்று வேப்பிலையால் தடவி விடுவார்கள். புறா கழியில் அலகைத் தேய்த்துத் தேய்த்துப் பருவை உடைத்துக்கொண்டது. அதைப் பார்த்து என் மனைவிக்குத் தாங்கவில்லை. ஆண்புறாவை நான் பிடித்துக்கொள்ள, அவள் கொழுந்து வேப்பிலைக் கொத்தால் அதன் முகத்தை மெதுவாக நீவினாள். அது கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தது. சுகமாக இருந்திருக்கும். பிறகு அதே கொத்தால் பெண்புறாவைத் தடவினாள். அதற்கு அப்போது ஒன்றும் இல்லை.

"அதையும் கொண்டு வாடி" என்று மகளிடம் சொன்னாள். மகள் கோணக்காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பச்சப் புள்ளைக்கு வராமப் பாத்துக்க தாயே" என்று சொல்லி, கண், அலகு, கழுத்து என்று நீவிவிட்டாள். தினமும் காலையில் இது நடந்தது. மேலே லவ் பேர்ட்ஸ் கத்திக்கொண்டே இருந்தன. அவற்றைப் பிடிக்க முடியாததால் கொத்தை அந்தப் பக்கம் காட்டி ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

ஆண்புறாவின் பரு காயத் தொடங்கியபோது பெண்புறாவுக்கு வந்தது. அடுத்தாற்போல் கோணக்காலுக்கு. மற்றவற்றுக்கு அலகில் ஆரம்பித்தது, இதற்கு இமையில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் கிளம்பி நின்ற மகள், "அப்பா, இதுக்குக் கண்ணு தொறக்கலப்பா" என்று கூப்பிட்டபோது இரண்டு இமையும் வீங்கி ஒட்டியிருந்தன. தோளில் வைத்தால் நிற்கத் தெரியாமல் அவள் சட்டைக் காலரைக் காலால் பற்றிக்கொண்டது.

மகள் பள்ளிக்குப் போகவில்லை. செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதை வைத்து, வண்டியில் என் பின்னால் உட்கார்ந்தாள். காரைக்காலில் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "அம்மைக்கு வைத்தியம் பாக்கப் போறது பாவங்க" என்று என் மனைவி வாசல் வரை வந்து சொன்னாள். ஆனால் பெட்டியை நனையாமல் மூடப் பாலிதீன் பையும் அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டரம்மா ஒரு ஆட்டுக்குக் குளம்பு பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, புறாவின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புறா அம்மைதான். கொசுவால வரும். இதுக்குன்னு தனி மருந்து கெடையாது, உடம்புதான் தாங்கணும். புண்ணுக்கு மருந்து தர்றேன். கண்ணு தெரியாது, கையாலதான் ஊட்டணும். தொண்டைக்குள்ள எறங்காம இருந்தாப் பொழைக்கும். வேற புறா இருக்கா?"

"இதோட அப்பா அம்மா இருக்குங்க. அப்புறம் லவ் பேர்ட்ஸு, பிஞ்சஸு."

"அதுகளுக்கு இந்த அம்மை அனேகமா ஒட்டாது. புறாக்களப் பிரிங்க. வலை போடுங்க." எழுதிக்கொண்டே கேட்டார். "நீங்களா ஏதாச்சும் தடவுனீங்களா?"

மகள் முந்திக்கொண்டாள். "வேப்பிலை டாக்டர். அம்மா தடவுனாங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"ஒரே கொத்தாலயா?"

மகள் தலையாட்டினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "பாப்பா, புறா அம்மைக்குத் தடுப்பு மருந்தே இப்படித்தான் போடுவாங்க. நாலு இறகப் பிடுங்கிட்டு அந்த எடத்துல தேய்ப்பாங்க. நீங்க மருந்துக்குப் பதிலா நோயவே தேச்சு விட்டிருக்கீங்க. உடைஞ்ச பருவத் தொட்ட இலை அது. இனிமே வேணாம்."

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். கோட்டுச்சேரி தாண்டினதும் நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அம்மாகிட்ட அந்த இலை விஷயத்தச் சொல்லாதடா."

"ஏன்?"

"அவ தாங்க மாட்டா."

"இது தாங்குமா?" என்று கேட்டு, பெட்டி மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று புறாவையும் தனித்தனியாகப் பிரிக்கப் பார்த்தேன். என்னிடம் வேறு கூண்டு கிடையாது. மீன் வாங்குகிற பிளாஸ்டிக் கூடை, பழத்துக்கு வந்த மரப்பெட்டி என்று தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கே நின்றாள்.

"பிரிக்காதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பிரிக்கக் கூடாது. ஆண்புறாவுக்குக் காஞ்சிடிச்சு பாத்தீங்கல்ல? ஆத்தா எறங்குறா. இந்த நேரத்துல போயி..."

"ஆத்தா இல்லம்மா, நீ! நீதாம்மா தடவுனே! அதுக்கு வரவே இல்ல. நான் தூக்கிட்டு வந்து குடுத்தேன், நீ அதோட கண்ணுல தடவுனே. டாக்டர் சொன்னாங்க. நீதான்!"

என் மனைவி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க?"

"ம்."

"புள்ளைய வச்சுக்கிட்டா சொன்னாங்க?"

நான் ஆமாம் என்றேன். அவள் போய்க் கூண்டு வலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்துகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். காய்ந்த இலை கம்பியில் மாட்டிக்கொண்டு உதிர்ந்தது. கீழே உதிர்ந்ததையும் குனிந்து பொறுக்கினாள். பொறுக்கி முடித்துவிட்டு உள்ளே போய் எங்கள் கொசுவலையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, கூண்டுக்கு மேலே போட்டுக் கட்டினாள். மகள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து மகள்தான் ஊட்டினாள். ஊறவைத்த பச்சைப்பயற்றை ஒவ்வொன்றாக அலகைத் திறந்து உள்ளே வைக்க வேண்டும். அது விழுங்கினதா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் சரி. மத்தியானம் யார் ஊட்டுவது? பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் லீவு தர மாட்டோம் என்றார்கள். எனக்குப் பட்டறை. வீட்டில் மத்தியானம் இருக்கிறவள் ஒருத்திதான்.

காலையில் பை மாட்டிக்கொண்டு மகள் அடுப்படி வாசலில் நின்றாள். பெட்டியைக் கையில் கொடுக்காமல் மேடைமேல் வைத்தாள்.

"மத்தியானம் பயறு குடுக்கணும். வேப்பிலை கூடாது. மஞ்சத்தண்ணி கூடாது. கைய சோப்புப் போட்டுக் கழுவணும்."

"சரி" என்றாள் என் மனைவி. டீச்சர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

சாயங்காலம் வந்ததும் மகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பாள். "சாப்பிட்டுச்சா?" இவள், "ஏழு பயறு" என்பாள், "அஞ்சு" என்பாள். வேறு பேச்சு இருவருக்கும் இல்லை.

பெண்புறா முதலில் போனது. காலையில், நான் அதைப் பிரித்து வைத்திருந்த பழப்பெட்டியின் மூலையில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தது. கோணக்காலுக்கு அலகுக்குள் மஞ்சளாக ஒரு படலம் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மகளுக்கும் புரிந்திருக்கும். டாக்டரம்மா சொன்னபோது அவளும்தானே நின்றாள்.

கோணக்கால் ஒரு மத்தியானத்தில், என் மனைவியின் மடியில் செத்தது. அவள் எனக்குப் போன் செய்தாள். "என்னங்க, முழுங்க மாட்டேங்குதுங்க" என்றாள். அடுத்த தடவை கூப்பிட்டு, "வந்துடுங்க" என்றாள். நான் பட்டறையில் சொல்லிவிட்டு வந்தேன். மகள் வருவதற்கு முன்னால் புதைத்துவிடலாம், பார்த்தால் அழுவாள் என்றேன்.

"வேணாம். அவ பாக்கட்டும். மறைச்சா அதுவும் நான் செஞ்சதாயிடும்" என்றாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் வந்தாள். தூரத்தில் பார்த்தபோதே அவள் நடை நின்று பிறகு நகர்ந்தது. கிட்டே வந்து நின்று, பெட்டியைப் பார்த்தும், வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள்.

"சாப்பிட்டுச்சா?"

"காலையில நீ குடுத்ததுதான். மத்தியானம் ரெண்டு வச்சேன். வாயிலயே இருக்கு. எறங்கல" என்றாள் அவள் அம்மா.

மகள் உட்கார்ந்து அலகைத் திறந்து அந்த இரண்டு பயற்றையும் விரலால் எடுத்துப் போட்டாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். மகளே அதை உள்ளே வைத்தாள். கோணல் காலை நேராக்கி வைக்கப் பார்த்தாள். அது நேராக நிற்கவில்லை. ஆண்புறாவுக்குத் தலைக்கு ஊற்றுவதற்காக என் மனைவி முன்பு தவலையில் போட்டு வைத்திருந்த வேப்பிலைத் தண்ணீர் துவைக்கிற கல் பக்கம் அப்படியே இருந்தது. அதை என் மனைவியே எடுத்துப் போய் வேலிக்கு வெளியே ஊற்றிவிட்டு வந்தாள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போடலாம். புறாவையும் லவ் பேர்ட்ஸையும் ஒரே கூண்டில் போடலாம். கீழே தனிக்கழி கட்டுங்கள், பொடிக்கல் வையுங்கள், வழுவழுப்பான தட்டு வைக்காதீர்கள், கொசுவலை போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கூண்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த அன்றைக்குத் தேடக் கூடாது. என் மனைவி சொல்லித்தான் நான் அதைச் செய்தேன். "காலியாவே தொங்கட்டும், செஞ்சு குடுங்க" என்றாள்.

அது காலியாகத் தொங்கவில்லை. ஆண்புறா பிழைத்தது, ஒரு கண் போய்விட்டது. பெரிய கூண்டில் விட்டால் லவ் பேர்ட்ஸ் கண் தெரியாத பக்கமாக வந்து காலைக் கடிக்கின்றன. ஆகவே அது சின்னக் கூண்டில் இருக்கிறது. நீங்கள் சாயங்காலம் பார்க்கிறீர்களே, ஒற்றைப் புறா, அது அதுதான். காலையில் கூவும். பெரிய கூண்டிலிருந்து கீச்சுக் கீச்சென்று கத்துவதெல்லாம் அதற்குப் பதில் இல்லை. வேறு ஜோடி வாங்கித் தருகிறேன் என்றேன். மகள் வேண்டாம் என்றுவிட்டாள். தோளில் எதையும் வைத்துக்கொள்வதும் இல்லை.

தினைக் கிண்ணம் கண் தெரியாத பக்கம் இருந்தால் அந்தப் புறாவுக்குத் தெரியாது. பட்டினியாகவே உட்கார்ந்திருக்கும். மத்தியானம் என் மனைவி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, கிண்ணத்தைக் கண் தெரிகிற பக்கம் திருப்பி வைக்கிறாள். மகள் இப்போது ஒன்பதாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்கிறாள்.

"சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு" என்கிறாள் இவள். மகள் நம்பாமல் போய்க் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.